வாட்டர்லூ ஸ்திரீட் யூத ஜெப ஆலயமும் சமூக மையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதே தெருவின் இன்னொரு கோடியில் ஒரு பழைய வெள்ளைக் கட்டடத்தையும் அதை ஒட்டிய ஏழு மாடிக் கட்டடத்தையும் பார்த்திருப்பார்கள். பழையது மகேன் அபோத் ஜெப ஆலயம். மாடிக் கட்டடம் ஜேக்கப் பலாஸ் மையம். உள்ளே போகலாமா, போனால் எப்படி நடந்துகொள்வது, வீட்டுக்கு அழைத்தால் என்ன எடுத்துப் போவது என்று தமிழர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

யூதர் அல்லாதவர் உள்ளே போகலாமா?

போகலாம். ஆனால் போகிற போக்கில் எட்டிப் பார்க்க முடியாது. மையத்தை நடத்தும் யூத நலச் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். எத்தனை பேர், எந்த நாள், எதற்காக வருகிறீர்கள் என்பதோடு அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு விவரமும் தர வேண்டியிருக்கும். அன்றைக்கு அதே அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். முகம் சுளிக்க ஒன்றுமில்லை. இந்த ஆலயத்திலிருந்து வெளியே வரும் ஆண்களைக் கத்தியால் தாக்கத் திட்டமிட்ட 20 வயது இளைஞர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்ட செய்தியை அரசாங்கம் 2021 மார்ச்சில் வெளியிட்டது. உலகெங்கும் ஜெப ஆலய வாசல்கள் இப்படித்தான் இருக்கின்றன.

வாசலைத் தாண்டிவிட்டால் நல்ல உபசரிப்புதான். முதல் தடவை போகிறவர்கள் வார நாளில் போவதே நல்லது என்பது எங்கள் கருத்து. வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள். அப்போது படம் எடுக்க முடியாது, சந்தேகம் கேட்டு எழுதிக்கொள்ள முடியாது, உங்களுக்கு விளக்கம் சொல்லக்கூடியவர்களும் தொழுகையில் இருப்பார்கள். மையத்தில் சிங்கப்பூர் யூதர்களைப் பற்றிய சிறிய அருங்காட்சியகம் ஒன்று 2021 முதல் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு ஆலயத்துக்குள் போனால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

இங்கே யூதர்கள் எப்படி வந்தார்கள்?

பாக்தாத்திலிருந்து, பெரும்பாலும் கல்கத்தா வழியாக, வணிகத்துக்காக வந்தார்கள். முதல் தொழுகை இடம் ஒரு கடைவீட்டில் இருந்தது. அந்தத் தெருவுக்கு இன்றும் சினகாக் ஸ்திரீட் என்றே பெயர். அங்கே இடம் போதாமல் போக, 1878இல் மகேன் அபோத் எழுந்தது. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஜெப ஆலயம் இதுதான். கட்டியவர்களில் முதன்மையான மனாசே மேயர் 1905இல் ஆக்ஸ்லி ரைஸில் தம் மாளிகை வளாகத்திலேயே செசெத்-எல் என்ற இரண்டாவது ஆலயத்தையும் கட்டினார். இரண்டுமே 1998 முதல் தேசிய நினைவுச் சின்னங்கள். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் இந்தச் சமூகத்தில் பிறந்தவர். லிட்டில் இந்தியாவிலிருந்து சிலேகி சாலை வழியாக நடந்தால் எலிசன் கட்டடத்திலும் டேவிட் எலியாஸ் கட்டடத்திலும் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்தால் போதும்.

இன்றைக்கு இந்தச் சமூகம் ஏறத்தாழ 2,500 பேர் என்று சொல்லப்படுகிறது. பழைய பாக்தாத் குடும்பங்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்கள் இஸ்ரேல், அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அதனால் ஒரே வரிசையில் மூன்று விதமான உச்சரிப்பும் மூன்று விதமான மெட்டும் கேட்கும். ஆலயத்தின் முறை மட்டும் பாக்தாதியர் முறை.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? என்ன உடுத்துவது?

கழற்ற வேண்டாம். கோயில் பழக்கத்தில் வாசலிலேயே கழற்றிவிட்டு நிற்பவர்கள் உண்டு. ஆண்கள் மறைக்க வேண்டியது தலையை. சிறு வட்டத் தொப்பி வாசலிலேயே இருக்கும், கேட்டால் தருவார்கள். முழுக்கால் சட்டை போட்டுப் போங்கள். பெண்களுக்கு முழங்கை மறையும் ரவிக்கை அல்லது மேலாடை, முழங்காலுக்குக் கீழ் இறங்கும் பாவாடை. புடவையும் சுரிதாரும் எந்தத் தடையும் இல்லை, புடவை கட்டினால் இடுப்பு தெரியாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வது நல்லது. நெற்றியில் திருநீறோ பொட்டோ இருந்தால் அழிக்க வேண்டியதில்லை. தெய்வ உருவம் பதித்த பெரிய பதக்கமாக இருந்தால் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

ஆண் பெண்ணிடமோ பெண் ஆணிடமோ கை குலுக்கக் கையை நீட்டாதீர்கள். மரபு வழுவாதவர்கள் எதிர்பாலரைத் தொடுவதில்லை. கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டால் முடிந்தது. வெள்ளைக்காரர்களுக்கு இருக்கிற இந்தத் தர்மசங்கடம் நமக்கு இல்லை.

உள்ளே சிலை இருக்காது என்று தெரியும். பிறகு என்ன இருக்கும்?

மேற்குச் சுவரில், அதாவது இங்கிருந்து ஜெருசலேம் இருக்கும் திசையில், திரை போட்ட பேழை. அதற்குள் அவர்கள் வேதமான தோராவின் சுருள்கள். கூடத்தின் நடுவில் உயர்ந்த மேடை, அங்கிருந்துதான் வாசிப்பு. சுற்றிலும் இருக்கைகள். பெண்களுக்கு மாடியில் இடம். தேங்காய், பூ, விளக்கு, அர்ச்சனை, பிரசாதம் எதுவும் கிடையாது. பேழை முன் விழுந்து வணங்குவதும் இல்லை.

தோரா சுருள் ஒவ்வொன்றும் பதப்படுத்திய தோலில் இறகாலோ நாணலாலோ கையால் எழுதப்படுவது. 3,04,805 எழுத்துகள். ஒரே ஒரு எழுத்து உதிர்ந்தாலும், பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலும் அந்தச் சுருள் வாசிப்புக்குத் தகாது. வாசிக்கும்போது பிழை தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, அதைப் பேழைக்குள் திருப்பி வைத்து, வேறு சுருளை எடுப்பார்கள். நம் ஊர்ச் சீதோஷ்ணம் இதற்கு எதிரி. ஈரக்காற்றில் தோல் உப்பும், குளிர்சாதனத்தில் சுருங்கும், அந்த இழுபறியில் மை வெடித்து உதிரும். பாக்தாதியர் சுருளைத் துணியில் சுற்றுவதில்லை. மரத்தால் செய்து வெள்ளி பொதிந்த நிமிர்ந்த உறையில் வைத்து, நிறுத்தியபடியே திறந்து வாசிக்கிறார்கள். ஐரோப்பிய யூதர் துணியுறையை நீக்கி, சுருளைச் சாய்த்துக் கிடத்தி வாசிப்பார்கள். உறை எதுவானாலும் தோலை விரலால் தொடுவதில்லை. விரல் நுனி கொண்ட வெள்ளிக் கோல் ஒன்றால் வரியைச் சுட்டுவார்கள். தோலில் விரல் பட்டால் வியர்வை மையைத் தின்னும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தொழுகை தொடங்காமல் எல்லோரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்களே, ஏன்?

பத்தாவது ஆளுக்காக. பதின்மூன்று வயது நிறைந்த யூத ஆண்கள் பத்துப் பேர் இருந்தால்தான் கூட்டுத் தொழுகையின் முக்கியமான பகுதிகளைச் சொல்ல முடியும், தோராவைப் பேழையிலிருந்து எடுத்து வாசிக்க முடியும், இறந்தவர்களுக்கான காதிஷ் என்ற வேண்டுதலைச் சொல்ல முடியும். ஒன்பது பேரும் ஒரு பேரறிஞரும் இருந்தாலும் எண்ணிக்கை பத்துதான். எட்டுப் பேரும் ஒரு பேரறிஞரும் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். சிறிய சமூகத்தில் வார நாள் அதிகாலைகளில் இதுதான் பெரிய கவலை. பள்ளி விடுமுறைக் காலத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். வழிப்போக்கராக வந்த யூதப் பயணி ஒருவர் உள்ளே நுழையும்போது முகங்கள் மலர்வதற்குக் காரணம் புரிந்திருக்கும். உங்களை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். அது உங்கள் மீதான வெறுப்பு அல்ல.

தொழுகையின் போது நான் என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். மற்றவர்கள் முன்னும் பின்னும் அசைவதை, மூன்றடி பின்வாங்கி முன்வருவதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். எல்லோரும் நின்று வாய்க்குள் முணுமுணுக்கும் கட்டம் ஒன்று வரும். அப்போது யாருக்கும் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். தொழுபவரின் முன் ஏறக்குறைய இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. புத்தகம் கேட்டால் ஆங்கில மொழிபெயர்ப்போடு கிடைக்கும். வலமிருந்து இடமாகத்தான் பக்கம் திரும்பும். புத்தகத்தைத் தரையில் வைக்கவே கூடாது.

வெள்ளி மாலைத் தொழுகை ஏறத்தாழ ஒரு மணி நேரம். சனிக்கிழமை காலை இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போனால் வெள்ளி மாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓய்வுநாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு வீட்டில் விளக்கேற்றும்போது. சிங்கப்பூரில் சூரியன் மறைவது ஆண்டு முழுதும் 6.46க்கும் 7.20க்கும் இடையில்தான் என்பதால், விளக்கேற்றும் நேரம் நவம்பர்த் தொடக்கத்தில் 6.28, பிப்ரவரி நடுவில் 7.02 என்ற அளவில் இருக்கும். லண்டனில் இதே நேரம் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பும் ஜூனில் இரவு ஒன்பதுக்குப் பிறகும் வரும். குளிர்காலத்தில் அலுவலகத்திலிருந்து ஓடி வர வேண்டிய தொல்லை இங்கே இல்லை என்பதை வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் பெரிய வரமாகச் சொல்வார்கள். முடிவது சனி இரவு நன்றாக இருட்டி மூன்று நட்சத்திரம் தெரியும்போது. வெள்ளி மாலை விளக்கேற்றிய நேரத்தோடு ஒரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடமும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவு சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். எதில் தவறு நேரும்?

முதலில் கழிவறை விளக்கு. வெளியே வரும்போது பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிடுவோம். ஓய்வுநாளில் மின்சாரத்தைத் தொட மாட்டார்கள், உங்களைப் போடச் சொல்லவும் தயங்குவார்கள். அந்தக் குடும்பம் மறுநாள் இரவு வரை இருட்டில்தான் போக வேண்டியிருக்கும். சுவிட்சுகளின் மேல் ஒட்டுநாடாவோ சிறு மூடியோ இருந்தால் அது இதற்காகத்தான். கழிவறையில் தாள் சுருளாக இல்லாமல் கிழித்த துண்டுகளாக அடுக்கியிருக்கும். கிழிப்பதும் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் அடக்கம்.

கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். முகவரியை எழுதித்தாருங்கள் என்று பேனாவை நீட்டாதீர்கள். மழை பெய்தால் குடை தர முன்வர வேண்டாம். ஓய்வுநாளில் குடை விரிக்க மாட்டார்கள், நனைந்துகொண்டே நடப்பார்கள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்பதும் அப்படியே.

திராட்சை மது இருக்கும் குப்பியை நீங்களாக எடுத்து யாருக்கும் ஊற்றாதீர்கள். சமைக்கப்படாத மதுவை யூதர் அல்லாதவர் கையாண்டால் அதை அவர்கள் குடிக்க முடியாது. குப்பியே வீண். இதைச் சொல்ல வீட்டுக்காரர் கூச்சப்படுவார், ஆகவே நீங்களே கையைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லது.

மதுவின் மீது வாழ்த்துச் சொன்ன பிறகு எல்லோரும் எழுந்து கை கழுவப் போவார்கள். இரண்டு பிடி உள்ள குவளையால் முதலில் வலக்கையிலும் பிறகு இடக்கையிலும் மும்மூன்று முறை ஊற்றுவது பாக்தாதியர் வழக்கம். கழுவியதிலிருந்து ரொட்டியைத் தின்னும் வரை யாரும் பேச மாட்டார்கள். ஏதோ கோபம் போலிருக்கிறது என்று விருந்தாளிகள் மிரள்வது இந்த இடத்தில்தான். இரண்டு ரொட்டிகளை மூடிவைத்திருந்து, எடுத்து, வாழ்த்துச் சொல்லி, வெட்டி, உப்பில் தொட்டுத் தருவார்கள். பேச்சு மறுபடி தொடங்கிவிடும்.

சனி மதியம் சூடான சாப்பாடு எப்படி வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. அடுப்பு வெள்ளி மாலையே மூட்டப்பட்டு, தகடு போட்டு மூடி, சன்னச் சூட்டில் இரவு முழுதும் எரியும். பாக்தாதியர் அதில் வைப்பது தெபீத்: கோழிக்குள் மசாலா கலந்த அரிசியை அடைத்து, மேலும் அரிசியால் மூடி, விடிய விடிய வேகவிடுவது. அடியில் பிடித்த சிவந்த காந்தலுக்குத்தான் போட்டி. தண்ணீர் குறைந்தால் நடுவில் ஊற்ற முடியாது என்பதால், முதலிலேயே அளவு தெரிந்து ஊற்றுவதில்தான் கைப்பக்குவம்.

நாங்கள் சுத்த சைவம். சாம்பாரும் பாயசமும் செய்து எடுத்துப் போகலாமா?

வேண்டாம். சைவம் என்பதால் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி உண்ணத் தக்கது, ஆகிவிடாது. இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சிதான் முதல் இடையூறு. கண்ணுக்குத் தெரியும் புழு பூச்சி அவர்களுக்குக் கடுமையான விலக்கு. கொத்தமல்லி, கீரை, காலிஃபிளவர் எல்லாம் உப்பு நீரிலோ சோப்பு நீரிலோ ஊறவைத்து, அலசி, இலை இலையாக வெளிச்சத்தில் பார்த்த பிறகே பாத்திரத்தில் விழும். கறிவேப்பிலையின் வாசம் மட்டும் போதும் என்றால் நெருக்கமாக நெய்த துணியில் முடிந்து குழம்பில் போட்டு எடுத்துவிடுவது ஒரு வழி. அரிசி, பருப்பைப் புடைத்துப் பொறுக்குவது நமக்கும் பழக்கமானதே.

அடுத்தது பாத்திரம். சூடான பாத்திரம் அதில் வெந்ததை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சட்டம். உங்கள் குக்கரில் முன்பு ஒருமுறை இறால் வெந்திருந்தாலும் இன்றைய சாம்பாருக்கும் அது ஒட்டும். பாலும் கறியும் சேரக்கூடாது என்பதால் பால் பாத்திரம், கறிப் பாத்திரம், இரண்டுமில்லாத பொதுப் பாத்திரம் என்று ஒரு வீட்டில் மூன்று வரிசை இருக்கும். கரண்டி, கழுவுதொட்டி, தேய்க்கும் நார் வரைக்கும் தனித்தனி. நெய் ஊற்றிய பாயசம் பால் வகை. கறி சாப்பிட்டவர் அதைத் தொட ஆறு மணி நேரம் காத்திருப்பார்.

கடைசியாக அடுப்பு. பச்சையாகத் தின்ன முடியாத, விருந்தில் வைக்கத் தக்க உணவை யூதர் ஒருவரும் சமைப்பதில் பங்கு பெற வேண்டும். ஐரோப்பிய வழியினருக்கு அவர் அடுப்பைப் பற்றவைத்தாலே போதும். பாக்தாதியர் போன்ற செஃபார்தி வழியினருக்குப் பானையை அடுப்பில் ஏற்றுவதும் அவர் கையாலாக வேண்டும். யூத வீட்டில் சமையல் வேலை செய்கிற நம்மவர்கள் இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாம் நறுக்கி வதக்கத் தயாராக வைத்துவிட்டு, வீட்டுக்காரம்மா வந்து சட்டியைத் தூக்கி வைத்த பிறகு மற்றதைத் தொடரலாம்.

பிறகு என்னதான் எடுத்துப் போவது? வெட்டாத முழுப் பழங்கள். அல்லது மையத்திலேயே உள்ள கோஷர் கடையில் வாங்கிய, முத்திரையும் மூடியும் பிரிக்காத பொட்டலம். அதையும் ஓய்வுநாள் தொடங்கும் முன் சேர்த்துவிட வேண்டும். பூங்கொத்தும் அப்படியே: தொடங்கிய பிறகு நீரில் செருக முடியாது, மேசையில் வாடிக் கிடக்கும்.

ஹலால் முத்திரை இருந்தால் போதாதா?

போதாது. அறுப்பவர் பயிற்சி பெற்ற யூதராக இருக்க வேண்டும், கத்தியில் நகத்துக்குத் தட்டுப்படும் பிசிறுகூட இருக்கக்கூடாது. பிறகு நுரையீரலில் ஓட்டையோ ஒட்டோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொடை நரம்பையும் சில கொழுப்புகளையும் நீக்க வேண்டும். இரத்தத்தை எடுக்க அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்புப் போர்த்தி, வடியும்படி சாய்த்து வைத்து, மூன்று முறை அலசுவார்கள். தூள் உப்பு கரைந்து ஓடிவிடும், இரத்தத்தை இழுக்காது. ஈரலுக்கு உப்பு பயன்படாது, நேராக நெருப்பில் வாட்ட வேண்டும்.

மீனுக்கு அறுப்பு விதி கிடையாது. துடுப்பும் செதிலும் இருந்தால் போதும். சங்கரா சரி. சுறா, கெளுத்தி, விலாங்கு, இறால், நண்டு, கணவாய் ஆகாது. மீன் கடையில் தோல் உரித்துத் துண்டு போட்டு வைத்ததை வாங்க மாட்டார்கள். செதில் இருந்ததற்கு அடையாளம் வேண்டும்.

மிக்வே என்பது நீச்சல் குளமா?

நீச்சல் குளமும் அல்ல, தெப்பக்குளமும் அல்ல. சடங்குத் தூய்மைக்காக அமிழும் இடம். சமூக மையத்தில் வெளியாருக்குக் கண்ணில் படாத, ஆனால் சமூகம் ஆலயத்துக்கு முன்பே கட்ட வேண்டிய இடம் இது. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் மிக்வே என்பது சட்டம். படியிறங்கி நெஞ்சளவு நீரில் நின்று முழுவதும் அமிழும் தொட்டி.

விதிகள் நீரைப் பற்றியவை. குறைந்தது 40 செயா (பழைய யூத அளவு) இயற்கை நீர் வேண்டும். இதை 330 லிட்டர் என்பாரும் 570 லிட்டர் என்பாரும் உண்டு, ஆகவே பேரளவைத் தாண்டியே கட்டுவார்கள். மழைநீராக இருந்தால் அது தானாக வழிந்து வந்து சேர வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றினால், பம்பு வைத்து இழுத்தால் தகாது. அதற்காகத் தினமும் மழைநீரில் குளிக்க முடியாது என்பதால் இரண்டு தொட்டி கட்டுவார்கள். ஒன்றில் மழைநீர் மாறாமல் நிற்கும். மற்றதில் குழாய் நீர், சூடாக்கி, வடிகட்டி, அவ்வப்போது மாற்றி. இரண்டுக்கும் நடுச்சுவரில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் துளை. அதன் வழியே நீரும் நீரும் தொட்டுக்கொண்டால் குழாய் நீரும் தகுதி பெறும். எங்கே கெடும் என்றால், சுவரில் விரிசல் விட்டு நீர் கசிந்தால் கெடும். நிற்க வேண்டிய நீர் ஓடும் நீராகிவிடுகிறது. சிங்கப்பூரில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் நிரப்பலின்போது கூரைக் குழாய் அமைப்பை ரப்பி (யூத மதகுரு) அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்.

மணமான பெண்கள் மாதவிடாய் நின்று, ஏழு தூய நாட்கள் எண்ணி, இரவில் வந்து அமிழ்வார்கள். யார் எப்போது வந்தார் என்பது வெளியே தெரியாதபடி தனி வாசலும் முன்பதிவும் இருக்கும். உடலுக்கும் நீருக்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது. நகப்பூச்சு, பிளாஸ்திரி, கண்வில்லை, முடிச் சிக்கு எல்லாம் போக வேண்டும். நம் பெண்கள் வீட்டு விலக்கை நினைத்து உடனே ஒப்பிடுவார்கள். ஒப்பிடலாம், ஆனால் சமையலறைக்கோ ஆலயத்துக்கோ வரக்கூடாது என்ற தடை அங்கே இல்லை. விலகல் கணவன் மனைவிக்கு இடையில்தான்.

கடையில் வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களையும் நீரில் அமிழ்த்துவார்கள், அதற்குத் தனித் தொட்டி இருக்கும். மரத்துக்கும் மண்ணுக்கும் தேவையில்லை. விலைச்சீட்டின் பசையைச் சுரண்டி எடுக்காமல் அமிழ்த்தினால் மறுபடி செய்ய வேண்டும். எண்ணெய் தேய்த்தால் பசை விடும்.

பண்டிகைகளில் எதற்குப் போகலாம்?

ஹனுக்காவுக்குத் தயங்காமல் போகலாம். எட்டு நாள் விளக்கு, எண்ணெயில் பொரித்த தின்பண்டம், பிள்ளைகள் கூட்டம். புத்தாண்டும் பாவநிவாரண நாளும் இடம் போதாத நாட்கள், பாதுகாப்பும் கெடுபிடி. பார்வையாளராகப் போக ஏற்ற நேரம் அல்ல. புத்தாண்டு பொதுவாகச் செப்டம்பர் 5க்கும் அக்டோபர் 5க்கும் இடையில் விழும். அவர்கள் மாதம் நிலவைப் பின்பற்றுவது, ஆனால் 19 ஆண்டுகளில் 7 முறை ஓர் அதிக மாதம் சேர்த்துப் பருவத்தோடு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள்.

கூடாரப் பண்டிகையைப் பாருங்கள், நமக்கு நெருக்கமாக இருக்கும். திறந்த வானத்தின் கீழ்ப் பந்தல் போட்டு ஏழு நாள் அதில் சாப்பிடுவார்கள். கூரை மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட தழையாக இருக்க வேண்டும். தென்னங்கீற்று தகும், தார்ப்பாய் தகாது. மேலே மரக்கிளையோ மாடியோ இருந்தால் பந்தல் செல்லாது என்பதால் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மையத்தின் பந்தலுக்குத்தான் வருவார்கள். சாப்பாடு கெட்டுப்போகும் அளவுக்கு மழை கொட்டினால் உள்ளே எழுந்து போகலாம் என்று பழஞ்சட்டமே விலக்குத் தருகிறது. இந்த ஊரில் அது அடிக்கடி பயன்படும் விலக்கு.

பஸ்கா எட்டு நாளும் புளித்த மாவு வீட்டில் இருக்கக்கூடாது. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்த ரொட்டிதான். ஐரோப்பிய வழியினர் அரிசியையும் விலக்குவார்கள். பாக்தாதியர் அரிசி உண்பார்கள், கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று தட்டில் பரப்பி மூன்று முறை பொறுக்கிய பிறகு. நம் கடைப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கம். அந்த எட்டு நாளைக்கு அதுவும் வெளியேதான்.

பெண்களுக்கு மாடிதானா?

இந்த ஆலயத்தில் ஆமாம். பத்துப் பேர் கணக்கிலும் பெண்கள் வரமாட்டார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தமர்ந்து தொழும் சீர்திருத்த வழிச் சபை ஒன்றும் சிங்கப்பூரில் தனியாக இயங்குகிறது.

மதம் மாற்றப் பார்ப்பார்களா?

மாட்டார்கள். மாற விரும்புகிறேன் என்று நீங்களாகப் போனாலும் முதலில் தடுத்துப் பார்ப்பார்கள். யூதர் அல்லாதவர் கொலை, திருட்டு, சிலை வணக்கம் முதலியவற்றை விலக்கும் ஏழு கட்டளைகளோடு வாழ்ந்தால் போதும் என்பது அவர்கள் நிலை. பிடிவாதமாக நின்றால், ஓராண்டுக்கு மேல் படிப்பு, ஓய்வுநாளையும் கோஷரையும் கடைப்பிடித்துக் காட்டுதல், மூவர் கொண்ட மன்றத்தின் விசாரணை, ஆணுக்கு விருத்தசேதனம், கடைசியில் மிக்வேயில் அமிழ்தல். திருமணத்துக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் கதவு திறக்காது.

தெரிந்தவர் வீட்டில் சாவு. போனால் எப்படி நடந்துகொள்வது?

அடக்கம் கூடுமானால் அன்றைக்கே, ஓய்வுநாளில் மட்டும் இல்லை. எரிப்பதில்லை. தொண்டர் குழு உடலைக் கழுவி, நீர் வார்த்து, பையில்லாத வெள்ளைத் துணி உடுத்தும். ஆர்ச்சர்ட் சாலையிலும் தாம்சன் சாலையிலும் இருந்த பழைய இடுகாடுகள் நகர வளர்ச்சிக்காக எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது சுவா சூ காங்கில் உள்ளது.

மாலை, மலர்வளையம் வேண்டாம். அடுத்த ஏழு நாள் துக்கக்காரர்கள் தாழ்ந்த இருக்கையில் வீட்டிலேயே இருப்பார்கள். கதவு பூட்டியிருக்காது, மணி அடிக்காமல் உள்ளே போய் உட்காருங்கள். நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் பேசினால் பேசுங்கள், இல்லாவிட்டால் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வாருங்கள். அதுவே முறை. இடுகாட்டிலிருந்து திரும்பும்போது வாசலில் கை கழுவுவார்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஓர் இடம் உண்டா?

இயங்கும் ஜெப ஆலயம் இல்லை. சென்னையில் பவழமும் வைரமும் விற்ற யூத வணிகர்கள் இருந்தார்கள், பவழக்காரத் தெருவும் லாயிட்ஸ் சாலைப் பக்கத்துச் சிறு கல்லறைத் தோட்டமும் மிச்சம். பார்ப்பதற்கு அருகில் உள்ளது 1568இல் கட்டிய கொச்சி பரதேசி ஜெப ஆலயம். சனிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.

கல்யாணத்துக்கோ பையனின் பதின்மூன்றாம் வயதுச் சடங்குக்கோ அழைத்தால் மொய் வைக்கலாமா?

வைக்கலாம், எதிர்பார்ப்பார்கள். நாம் 101, 501 என்று வைப்பதுபோல அவர்கள் 18இன் மடங்காக வைப்பார்கள்: 36, 54, 180 வெள்ளி. கல்யாணம் ஓய்வுநாளில் நடக்காது என்பதால் உறையை அங்கேயே தரலாம். பையனின் சடங்கு பெரும்பாலும் சனிக்கிழமை காலை, தோரா வாசிப்போடு நடக்கும். அன்று பணத்தைத் தொட மாட்டார்கள். சட்டைப் பையில் உறையோடு போய் நீட்டினால் இரு தரப்புக்கும் சங்கடம். வெள்ளி மதியத்துக்கு முன்பே வீட்டில் கொடுத்துவிடுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள்.